வேல்விழி டீச்சரின் மூலைக் கட்டம்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். சிவகாசியில் ஒரு அச்சகத்தில் இருபத்தேழு வருஷமாகக் கட்டிங் மிஷின் ஓட்டுகிறேன். ஒரு டீச்சரைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒன்றும் இல்லை. ஆனால் அந்த டீச்சர் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த ஒரு வேலை ஊரெல்லாம் சுற்றிவிட்டு என் முன்னால் வந்து நின்றது. அன்றைக்கு விழுந்த அடி இன்னும் நெஞ்சுக்குள்ளேதான் இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

வேல்விழி டீச்சர் எங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளியில் வரலாறு எடுக்கிறவர். ஊர் சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில் இருக்கிறது. போன வருஷம் காலண்டர் சீசன் தொடங்கின நேரம், கையில் சாப்பாட்டுப் பையோடு எங்கள் அச்சகத்துக்கு வந்தார். அந்த வாரம்தான் ஒரு ஆர்டர் கெட்டுப் போயிருந்தது. பெரிய சைஸ் தினசரி காலண்டர். இரண்டு மாதத் தாளில் ராகு காலம் மாறி விழுந்துவிட்டது. கட்டுக் கட்டாக மூலையில் கிடந்தது.

"இந்தத் தாளுக்குப் பின்பக்கம் வெறுமையா இருக்குல்லண்ணே. எங்க பிள்ளைகளுக்குக் குடுப்பீகளா? குறிப்பு எடுக்கணும்."

"ஏன், நோட்டு இல்லையாக்கும்?"

"நோட்டுல எழுதினா எழுதின இடத்திலேயே கிடக்கும். தனித் தாளா இருந்தா கலைச்சு வேற மாதிரி அடுக்கலாம்."

"சீட்டாட்டம் மாதிரி."

"அதே மாதிரிதான். ஆனா ஏமாத்தக் கூடாது."

முதலாளி அய்யாதுரை அண்ணாச்சி உள்ளே இருந்தே சத்தம் கொடுத்தார். "குடுத்து அனுப்புலே சங்கிலி. ராகு காலம் தப்பான தாளை எவன் ஆணியில தொங்கவிடுவான்."

தாளை நான்தான் மட்டமாக வெட்டி, கட்டி, ஊருக்குப் போகும்போதெல்லாம் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு வந்தேன். தாள் மெல்லிசுதான். டீச்சர் அதைக் கார்டு என்றே சொல்வார். பிள்ளைகளும் கார்டு என்றார்கள். நானும் அப்படியே சொல்லப் பழகிவிட்டேன்.

டீச்சரின் அப்பாவும் அம்மாவும் தீப்பெட்டி கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். லீவு நாளில் வீட்டில் உட்கார்ந்து லேபிள் ஒட்டின கைதான் அவர் கையும். விருதுநகரில் காலேஜ் படித்து, அதற்கு மேலும் படித்து, விருதுநகர்ச் சந்தையைப் பற்றி ஒரு ஆராய்ச்சி எழுதினார். நாலு நோட்டு நிறையக் குறிப்பு. அதைப் புரட்டிப் பார்த்த பேராசிரியர் ஒரு வரியில் விரலை வைத்து, "இது நீ சொல்றதா, புத்தகத்தில இருந்ததா, சந்தையில யாரும் சொன்னதா?" என்று கேட்டிருக்கிறார். டீச்சருக்குத் தெரியவில்லை. அடுத்த வரிக்கும் தெரியவில்லை. நாலு நோட்டிலும் எது யார் பேச்சு என்று பிரிக்க முடியாமல் கிடந்தது. முதலிலிருந்து மறுபடி செய்தார். பதினொரு மாதம் ஆனது.

"அந்த நாலு நோட்டையும் வச்சிருக்கேண்ணே. தலைக்கனம் வந்தா எடுத்துப் பார்ப்பேன்" என்று ஒரு தடவை சொன்னார்.

முதல் வேலை காரியாபட்டியில். பிறகு எங்கள் ஊருக்கு மாறுதல். வீட்டுக்காரர் ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் இருக்கிறார். அங்கிருந்து டீச்சர் இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்கூடத்துக்கு வருவார். பஸ் ஸ்டாப்பில் யாராவது, "டீச்சர், அடுத்த பஸ் எப்ப?" என்று கேட்டால், "நாலு பத்துன்னு கண்டக்டர் சொன்னாரு. நான் பார்க்கல" என்பார். கேட்டவன் முழிப்பான். நானும் சிரித்திருக்கிறேன். நேரத்தைச் சொன்னால் போதாதா, அதற்கு ஒரு சாட்சி வேறா என்று.

ஒரு நாள் தாள்கட்டைத் தூக்கிக்கொண்டு பதினொன்றாம் வகுப்புக்குள் போனேன். டீச்சர் ஒன்றும் பேசவில்லை. பிள்ளைகள் பார்த்தார்கள். கட்டு கைநழுவிக் கீழே விழுந்தது. எடுத்து மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். வாசலைத் தாண்டுவதற்குள், "இப்ப வந்துட்டுப் போனதை எழுதுங்க" என்றார் டீச்சர். என்னவென்று பார்க்க நின்றேன்.

முப்பத்திரண்டு பிள்ளைகளும் எழுதினார்கள். ஒருத்தி நீலச் சட்டை என்றாள், ஒருத்தி பச்சை என்றாள். கீர்த்திகா என்று ஒரு பிள்ளை எழுந்து, "குடிச்சிட்டு ஒருத்தர் வந்து கட்டைக் கீழே போட்டார்" என்று படித்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஆயுசில் நான் தொட்டதில்லை.

"குடிச்சதை நீ பார்த்தியா?" டீச்சர் கோபப்படவில்லை.

"இல்ல டீச்சர். கண்ணு செவப்பா இருந்துச்சு. கட்டு வேற விழுந்துச்சு."

"கண்ணு செவப்புன்னு எழுது. கட்டு விழுந்துச்சுன்னு எழுது. அது நீ பார்த்தது. குடிச்சிருப்பார்ங்கிறது உன் யோசனை. யோசனை வரலாம், தப்பில்ல. ஆனா அதுக்கு இடம் வேற."

அப்போதுதான் கார்டை எப்படி எழுத வேண்டும் என்று போர்டில் வரைந்து காட்டினார். ஒரு தாளுக்கு ஒரே ஒரு சங்கதி. தாளின் தலையில், சொன்னவர் பேர், கேட்ட நாள், இடம். வலது மூலையில் ஒரு சின்னக் கட்டம். சொன்னவர் நேரில் பார்த்திருந்தால் அதில் 'பா'. காதால் கேட்டிருந்தால் 'கே', கூடவே யார் வாயால் கேட்டார் என்று அந்தப் பேர். நடுவில் அவர் பேசினதை அப்படியே பேனாவால். அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே மட்டும் எழுதுகிறவர் யோசனை, அதுவும் பென்சிலால். கடைசி வரியில், 'இன்னும் யாரைக் கேட்கலாம்?'

நான் வாசலில் நின்று தலையைக் காட்டினேன். "ராத்திரி ஷிப்டு டீச்சர். அதான் கண்ணு செவப்பு. சட்டை நீலமுங்க."

வகுப்பே சிரித்தது. கீர்த்திகா தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு வாரம் அந்தக் கோபம் எனக்கு இருந்தது. பார்க்காததை எப்படி ஒரு பிள்ளை வாய்கூசாமல் சொல்லலாம் என்று வீட்டில் கத்தினேன்.

பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு ஊர் வரலாறு என்று ஒரு சின்னப் புத்தகம் போடுவதாக ஏற்பாடு. பிள்ளைகளே ஊருக்குள் போய்க் கேட்டு எழுத வேண்டும். எங்கள் அச்சகத்தில்தான் அச்சு. சிலருக்குக் கண்மாய், சிலருக்குப் பள்ளிக்கூடம், கீர்த்திகாவுக்கு வெடி விபத்து.

விபத்து நடந்து பதினாலு வருஷம். ஊருக்கு வடக்கே இருந்த பட்டாசு கம்பெனி. இன்று அது மூடிக் கிடக்கிறது. மருந்து கலக்கும் ரூம் வெடித்து ஆறு பேர் செத்தார்கள். அதில் நாகையா ஒருவன். நாகையா ரூமுக்குள் பீடி பற்றவைத்தான், அதனால்தான் வெடித்தது என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். அப்படித்தான் நினைத்திருந்தோம். அவன் பொண்டாட்டி அய்யம்மாள் குழாயடிக்கு வந்தால் மற்ற ஐந்து வீட்டுப் பெண்களும் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்வார்கள். அவள் கடைசியாகப் பிடிப்பாள். பதினாலு வருஷமாகக் கடைசிதான். மகள் ஓவியாவுக்கு அப்போது இரண்டு வயது. இப்போது கீர்த்திகாவோடு அதே வகுப்பில் படிக்கிறாள்.

கீர்த்திகா ஒன்பது பேரைக் கேட்டு ஒன்பது கார்டு கொண்டு வந்தாள். ஒன்பதிலும் பீடி. "ஒன்பது பேரும் ஒண்ணுபோல சொல்றாங்க டீச்சர். அப்படியே போட்டுரலாமா?"

டீச்சர் மூலைக் கட்டத்தை மட்டும் பார்த்திருக்கிறார். ஒன்பதும் 'கே'.

"ஒன்பது பேர் சொன்னா ஒன்பது சாட்சின்னு இல்ல. ஒரே வாய் ஒன்பது தடவை பேசியிருக்கலாம். அந்த வாயைத் தேடணும்."

பின்பெஞ்சிலிருந்து ஓவியா எழுந்தாள். "நான் தேடுறேன் டீச்சர்."

டீச்சர் யோசித்திருக்கிறார். "உனக்கு ஆகாதது கிடைச்சாலும் எழுதுவியா?"

"எழுதுவேன். என்னன்னாலும் அது புத்தகத்தில வரப் போகுது. தெரிஞ்சே வரட்டும்."

இதெல்லாம் பின்னால் டீச்சர் சொல்லி நான் கேட்டது. மற்றதைச் சொல்லும்போது நான் பார்த்தது எது என்று சொல்லிவிடுகிறேன்.

ஓவியா கார்டுகளை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனாள். அதை நான் பார்த்தேன். குழாயடியில் குடத்தோடு நகர்கிறவர்களில் ஒருத்தியான பாண்டிலட்சுமி வீட்டு வாசலில் அந்தப் பிள்ளை பேனாவைத் திறந்ததும், பாண்டிலட்சுமி தாளைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"இது அஷ்டமித் தாளு. இதுல என் பேச்சை எழுதாத. நல்ல நாளாப் பார்த்து ஒண்ணு எடு."

ஓவியா சலிக்காமல் கட்டைப் பிரித்து ஒரு முகூர்த்த நாளை எடுத்தாள். "இதுல எழுதலாமா அத்த?"

"எழுது. பீடிதான். முத்துமாரியம்மாதான் சொன்னா."

முத்துமாரியம்மாள், தன் வீட்டுக்காரர் சொன்னார் என்றாள். அவர் டீக்கடையில் கேட்டதாகச் சொன்னார். டீக்கடையில் அன்று இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பிடித்தாள் அந்தப் பிள்ளை. அவர்கள் எல்லார் கார்டிலும் 'கே'. கடைசி வரியைப் பார்த்துப் பார்த்து அடுத்த ஆளிடம் போனாள். இப்படி நாற்பது கார்டு சேர்ந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை நான் தாள்கட்டோடு போனபோது, வகுப்பில் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தரையில் கார்டுகளைப் பரப்பி வைத்திருந்தார்கள். காற்றில் பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு புளியங்கொட்டை. ஓவியா என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"மாமா, ஒரு கார்டுக்குப் பேசுறீகளா?"

எனக்குப் பெருமைதான். நாகையா என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவான். அய்யம்மாளுக்கு நான் அண்ணன். வருஷா வருஷம் அவள் வீட்டுக்கு நான்தான் காலண்டர் கொண்டுபோய்க் கொடுப்பேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "எழுதிக்கோ."

"அன்னைக்குக் காலையில எங்க அப்பாவைப் பார்த்தீகளா?"

"பார்த்தேன். எனக்கு மத்தியான ஷிப்டு. பஸ் ஸ்டாப்புல நின்னேன். 'மச்சான், ஒரு பீடி குடுங்க'ன்னான். குடுத்தேன். காதுல சொருகிக்கிட்டான். கம்பெனி வேன் வந்துச்சு, போயிட்டான்."

அவள் கட்டத்தில் 'பா' போட்டாள். அடுத்த தாளை எடுத்தாள்.

"சத்தம் கேட்டப்ப எங்க இருந்தீக?"

"டீக்கடையில."

"என்ன பேசினாங்க?"

"எல்லாரும் என்னென்னமோ பேசினாங்க. எந்த ரூமு, யாரு யாரு உள்ளன்னு."

"நீங்க என்ன சொன்னீக மாமா?"

அவள் குரலில் குத்தலே இல்லை. நாற்பது பேரிடம் கேட்ட மாதிரியே கேட்டாள். வடக்கே எழுந்த புகை கண்ணுக்குள் வந்தது. கையில் கிளாஸ். நாகையாவுக்கு இன்று மருந்து ரூமில் வேலை என்று யாரோ சொன்னார்கள். அதற்கு நான் சொன்ன பதில், ஒரு வார்த்தை குறையாமல் என் காதில் விழுந்தது.

"காலையிலகூட என்கிட்ட பீடி வாங்கிட்டுப் போனான். உள்ள பத்த வச்சிருப்பான்."

அவ்வளவுதான் சொன்னேன். அதற்குப் பிறகு நாங்கள் ஓடினோம். ஆறு பேரைத் தூக்கினோம். அந்தப் பேச்சு அங்கேயே விழுந்துவிட்டதென்று நினைத்தேனா, நினைக்கவே இல்லையா என்று இன்றும் தெரியவில்லை. சாயங்காலத்துக்குள், பற்றவைத்ததைச் சங்கிலிமுத்து பார்த்தானாம் என்று ஆகியிருக்கிறது. மறுநாள் என் பேர் உதிர்ந்து, பீடி மட்டும் நின்றிருக்கிறது. ஒரு மாதம் கழித்து அதே பேச்சை இன்னொருத்தர் எனக்கே சொன்னார். நானும் அதைச் செய்தி மாதிரிக் கேட்டுத் தலையாட்டினேன். அது என் வாயிலிருந்து போனது என்று எனக்கு உறைக்கவே இல்லை.

சொன்னேன். ஓவியா எழுதினாள். பேனா மூலைக் கட்டத்துக்குப் போய் நின்றது.

"இது பார்த்ததா மாமா, கேட்டதா?"

"ரெண்டும் இல்லம்மா."

அவள் டீச்சரைப் பார்த்தாள். "அப்ப கட்டத்தை வெறுமையா விடு" என்றார் டீச்சர்.

நாற்பத்தொரு ஆட்கள் பேசிய கார்டுகளில் கட்டம் வெறுமையாக இருந்தது என்னுடையது ஒன்றுதான்.

டீச்சர் குனிந்து, தரையில் தனியாக இருந்த ஒரு கார்டை எடுத்து என் கார்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அன்று வேன் ஓட்டிய சபரிநாதனுடையது. கம்பெனி மூடியதும் காரியாபட்டிக்குப் போய்ப் பஞ்சர் கடை போட்டவர். யாரோ ஒருத்தர் கார்டின் கடைசி வரியில் அவர் பேர் இருந்ததால், டீச்சர் முந்தின ஞாயிற்றுக்கிழமை ஓவியாவை அழைத்துக்கொண்டு போய்க் கேட்டு வந்திருக்கிறார். இத்தனை வருஷத்தில் அவரை யாரும் கேட்டதில்லை. மூலையில் 'பா'. நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

'வேன்ல ஏறும்போது நாகையா காதுல இருந்த பீடியை எடுத்து என்கிட்ட குடுத்தார். "இன்னைக்கு மருந்து ரூம்ணே, இது நீங்க வச்சுக்கோங்க"ன்னார். திரும்பி வரும்போது வேப்பமரத்தடியில வண்டியை நிப்பாட்டி நான்தான் குடிச்சேன்.'

என் கார்டையும் இதையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒரே பீடி. நான் கொடுத்ததை நான் பார்த்தேன். அவன் கொடுத்ததை அவர் பார்த்தார். நடுவில் இருந்ததை நான் நிரப்பிவிட்டேன்.

"எழுதுங்க டீச்சர். நாகையா பீடி குடிக்கல, அவன் மேல தப்பு இல்லன்னு எழுதுங்க" என்றேன்.

"அதுவும் நமக்குத் தெரியாதுண்ணே. நீங்க குடுத்த அந்த ஒரு பீடி நாகையாகூட வேனை விட்டு இறங்கலன்னு தெரியும். ரூமுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு பார்த்தவங்க யாரும் இல்ல."

கீர்த்திகா மெதுவாக, "இன்னொரு பீடி இருந்திருக்கலாம்ல டீச்சர்?" என்றாள். நான் அந்தப் பிள்ளையை அறைந்திருப்பேன். ஓவியா பென்சிலை எடுத்தாள். சபரிநாதன் கார்டில், கோட்டுக்குக் கீழே, 'இன்னொரு பீடி இருந்ததா? யாரும் சொல்லவில்லை' என்று எழுதினாள். கண்ணீர் தாளில் விழாமல் இருக்கத் தலையைச் சற்று ஒதுக்கிக்கொண்டு எழுதினாள். இதை நான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அய்யம்மாள் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். ஓவியா எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள் என்பது, அவள் என்னை வாங்க என்று சொல்லாததில் தெரிந்தது.

"வருசா வருசம் காலண்டர் கொண்டாந்தீக. எங்கூட்டுக் காப்பியைக் குடிச்சீக" என்றாள், தலை நிமிராமல். "அப்பல்லாம் ஞாபகம் வரலையாண்ணே?"

"வரல தாயி."

"எம்புட்டு லேசாச் சொல்லுதீக."

நான் நின்றேன். அவள் ஒரு சட்டியைத் துலக்கி, கவிழ்த்து, அடுத்ததை எடுத்தாள். காலில் விழுந்துவிடலாமா என்று தோன்றியது. விழுந்திருந்தால் அது என் மனசுக்கு ஆகியிருக்கும், அவளுக்கு என்ன ஆகியிருக்கும்?

"என்கிட்ட சொல்லி என்ன ஆகப் போவுது. நான் அவுகளைத் தப்பா நினைச்சதே இல்ல. சொன்ன இடத்துல போயிச் சொல்லுங்க. டீக்கடையில. நாலு பேர் நிக்கிற நேரமாப் பார்த்துச் சொல்லுங்க. நான் கேக்கணும்."

நான் டீக்கடைக்குப் போவதற்கு முன்னால் புத்தகம் அச்சுக்கு வந்தது. விபத்துக்கு ஒரு பக்கம். செத்த ஆறு பேரின் பேரும் வரிசையாக. அதன் கீழே: 'வெடிப்புக்குக் காரணம் என்ன என்பதை நேரில் பார்த்தவர் யாரும் இல்லை. நாகையா பீடி பற்றவைத்தார் என்ற பேச்சு, அன்று டீக்கடையில் சங்கிலிமுத்து என்பவர் ஊகித்துச் சொன்னதிலிருந்து பரவியது. நாகையா வாங்கிய பீடியை வேன் ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டதாக ஓட்டுநர் கூறுகிறார்.'

அய்யாதுரை அண்ணாச்சி புரூஃபைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே சங்கிலி, இது நீதானாலே?"

"ஆமா அண்ணாச்சி."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். "பேரை எடுத்துருவோம்லே. 'ஒருவர்'னு போட்டா யாருக்கும் நட்டம் இல்ல. டீச்சர்கிட்ட நான் பேசுதேன்."

ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை. டீச்சருக்கு நானே போன் போட்டேன். "உங்க பேச்சுண்ணே அது. பேர் வேண்டாம்னு நீங்க சொன்னா எடுத்துருவேன். பிள்ளைககிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன்" என்றார். அன்று முழுக்க மிஷினில் நின்று யோசித்தேன். 'ஒருவர்' என்று போட்டால், அந்த ஒருவர் யார் என்று டீக்கடையில் பேச்சு கிளம்பும். எவனாவது ஒருத்தன் பேரைச் சொல்வான். அதை இன்னொருத்தன் பார்த்தேன் என்பான்.

"இருக்கட்டும் அண்ணாச்சி" என்றேன். முந்நூறு புத்தகத்தையும் நான்தான் மூன்று ஓரமும் வெட்டினேன்.

திங்கள்கிழமை காலை ஏழரை மணிக்கு டீக்கடைக்குப் போனேன். வெளியூர்க் கம்பெனி வேன்கள் பெண்களை வேலைக்கு ஏற்றிப்போக வருகிற நேரம். பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். சாலைக்கு அந்தப் பக்கம் தூக்குவாளியோடு அய்யம்மாள் நின்றாள். முத்துமாரியம்மாளும் பாண்டிலட்சுமியும் சற்றுத் தள்ளி நின்றார்கள், எப்போதும் போல.

சத்தமாகச் சொன்னேன். பீடி கொடுத்தது, புகை பார்த்தது, இதே இடத்தில் நின்று சொன்னது, அதை நான் பார்க்காதது, சபரிநாதன் சொன்னது.

டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவுவதை நிறுத்திவிட்டார். "அடப்பாவி" என்றார் ஒருத்தர். என்னையா, விதியையா என்று தெரியவில்லை. பாண்டிலட்சுமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரமாக நின்ற ஒருவர் கேட்டார்:

"அப்ப எப்படித்தாம்லே வெடிச்சுச்சு?"

என்னிடம் ஒரு பதில் இருந்தது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த சீசனில் ஆர்டர் நெருக்கடி, போர்மேன் அவசரப்படுத்தியிருப்பான். நல்ல பொருத்தமான பதில். எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள். அந்தப் போர்மேனுக்கும் ஊரில் ஒரு மகள் இருக்கிறாள்.

"தெரியாது" என்றேன்.

"சும்மா சொல்லுய்யா. நீ என்ன நினைக்க?"

"தெரியாது. நான் பார்க்கல."

வேன் வந்து நின்றது. பெண்கள் ஏறத் தொடங்கினார்கள். அய்யம்மாள் எப்போதும் கடைசியில்தான் ஏறுவாள். முத்துமாரியம்மாள் படியில் காலை வைத்தவள், இறங்கி ஒதுங்கி நின்றாள். அய்யம்மாள் அவளையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. தூக்குவாளியை முதலில் உள்ளே வைத்தாள், பிறகு ஏறினாள்.